கிணற்றுமேட்டுக் கல்வீடு

பிப்ரவரி 4, ஞாயிறு

கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பும்போது இந்த டைரியும் ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள். ஹாட்பாக்ஸைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் மேசை முன்னால் நின்று அரை ஆயுசு போய்விட்டது. தையல் பிசகிய இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. பிறத்தியார் பிசகைக் கண்டுபிடித்தே என் நாக்கும் அப்படி ஆகிவிட்டது என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

இன்று சாமான்களோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். வீடு முடிகிற வரைக்கும் ஊருக்குள் ஒரு வாடகை அறை. பொழுதோடு என் காட்டைப் போய்ப் பார்த்தேன். பங்கு பிரித்தபோது அண்ணன் குமாரசாமிக்குக் கிணறும் விளைகிற நல்ல காடும் போயின, எனக்கு மேட்டுக்காடு வந்தது. அப்பா காலத்தில் கிணறு வெட்டி வெளியே கொட்டிய கல் முழுக்க அங்கேதான் குவிந்து கிடக்கிறது. வேலிமுள்ளும் பாம்பும் குடியிருக்கிற இடம். பங்கு கேட்ட தங்கைக்கு அண்ணன் காட்டிய மரியாதை. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

செங்கல் விலையை விசாரித்த அன்றுதான் அந்தக் குவியலை வேறு கண்ணால் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு வேண்டிய கல் சும்மா கிடக்கிறது. ஒரு ஹால், சமையலறை, இரண்டு அறை. இரண்டாவது அறை எதற்கு என்று தெரியவில்லை. காகிதத்தில் இடம் மிச்சமிருந்தது, வரைந்துவிட்டேன். லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் என்று வாழ்ந்தவள் நான். என் வாசலை நானே திறந்து நானே சாத்த வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பிப்ரவரி 9, வெள்ளி

சித்தாள் சரசு ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்தாள். பெயர் எல்லப்பன். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். கல்வேலை மட்டும்தான் செய்வாராம். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகளைப் பழனியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். இவ்வளவும் சரசு சொன்னது. அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்.

“இந்தக் கல்லு ஊட்டுக்கு ஆகுங்களா?”

“பாக்கலாமுங்க.”

“எப்ப ஆரம்பிக்கலாம்?”

“பாக்கலாமுங்க.”

“ஒத்தைப் பொம்பளைன்னு ஏமாத்திர மாட்டீங்களே?”

அதற்கும் “பாக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆளை நம்பலாமா கூடாதா என்று ஒன்றும் பிடிபடவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

கயிறு கட்டி அளவு போட மேஸ்திரி வந்தார். அதற்கு முன்பே நான் தரையில் கோலமாவால் அறைகளை வரைந்து வைத்திருந்தேன். நடந்து பார்த்து, கையை விரித்துப் பார்த்து, மனசுக்குத் திருப்தியாகும்வரை அழித்து அழித்து வரைந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கோட்டு மேலயே கட்டிரலாமுங்களா?”

“பின்ன கோடு எதுக்குப் போட்டிருக்குதுங்க?” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கோட்டின் மேலேயே கயிற்றைக் கட்டினார். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்ட மாதிரி இருந்தது. என் வாய்க்குப் பயந்திருப்பார்.

மார்ச் 3, ஞாயிறு

கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் இளநீர்க் குலை.

“கல்லுலயே கட்டறியா அம்முணி?”

“ஆமாண்ணா.”

“கல்லு ஊடு வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும். பெரிய கல்லெல்லாம் பொம்பளைக தூக்க முடியாது. நம்ம டிராக்டர எடுத்துக்க.”

இவருக்காக நான் எத்தனை வருஷமாக ஒரு சண்டையைத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். அவர் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்ததும் ஒரு வார்த்தையும் நினைவு வரவில்லை. குடித்தேன். அழுகை வந்தது. வெயில் கண்ணுக்குக் கூசுகிறது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன்.

ஏன் வந்தார்? யார் சொல்லி வந்தார்? தெரியவில்லை. வந்தாரே, அது போதும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கல்லுக்கு முகம் உண்டாம். அந்த முகம்தான் வெளியே தெரிய வேண்டுமாம். நானும் குவியலில் தேடித் தேடி அழகான கல்லாக எடுத்துக் கொடுக்கிறேன். மேஸ்திரி வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டுப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எல்லாப் பக்கமும் கல்லாகத்தான் இருக்கிறது. நேற்று ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தபோது, “இது நல்லாருக்குதுங்க” என்றார். சரசுவிடம் போய் அதைச் சொன்னேன். நான் எதற்காக அவளிடம் போய்ச் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை.

நங்கையா இன்று பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம், பெயர் கண்ணம்மா. எனக்கு டம்ளரில் ஊற்றினார், மேஸ்திரிக்கும் சரசுவுக்கும் பேப்பர் கப். நான் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுக்கிறேன். நங்கையா அதைப் பார்த்துவிட்டு, “அவங்களுக்கெல்லாம் எதுக்கு டம்ளரு?” என்று மெதுவாகக் கேட்டார். கழுவுகிற சிரமத்துக்காகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மேஸ்திரி ஊரில் எல்லாப் பெண்களையும் அக்கா என்கிறார். தன்னைவிட இளையவளான சரசுவைக்கூட அக்கா என்கிறார். என்னை மட்டும் “ஏனுங்க” என்பதோடு சரி. என் வாய்க்குப் பயந்துதான்.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று நிலவு வைத்தோம். வாசக்காலை எங்கள் பக்கம் நிலவு என்பார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி எல்லாம் நான்தான் செய்தேன். பூசைக்கு உட்கார வேண்டிய நேரத்தில் ஐயர், “தம்பதியா உக்காருங்கோ” என்றார். எனக்கு அது நினைப்பிலேயே இல்லை. கல்யாணம் ஆகாத பொம்பளை வீடு கட்டினால் பலகையில் யார் உட்காருவது? நான் விழித்துக்கொண்டு நிற்க, அண்ணனும் நங்கையாளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பூசை நல்லபடியாக நடந்தது. அண்ணன் கையால் நிலவு நின்றது. சந்தோஷம்தான்.

முடிந்த பிறகு நங்கையா கடைக்காலுக்குள் இறங்கி நடந்து பார்த்தார். “இது விக்னேசு ரூமு” என்று இரண்டாவது அறையில் நின்று சொன்னார். விக்னேஷ் அவர்கள் மகன், கோயமுத்தூரில் வேலை. அத்தை வீட்டுக்கு வந்தால் தங்குவதற்காகச் சொல்கிறார் போலிருக்கிறது. வரட்டும். நல்ல பையன்.

மேஸ்திரி பூசை முடியும்வரை கல் குவியல் பக்கமே நின்றிருந்தார். பிரசாதம் கொடுக்கப் போனபோது, “பலகைல உக்காந்தவங்கதான் ஊட்டுக்காரங்கன்னு ஊருல எல்லாரும் நெனைப்பாங்க” என்றார். “அதனால என்னங்க?” என்றேன். “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லி வாழைப்பழத்தை உரித்தார். இந்த ஆள் ஒரு விஷயத்தை முழுதாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

மே 26, ஞாயிறு

தலையில் இடி.

சுவர் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. இன்று சமையலறைக்குள் நின்று அடுப்பு எங்கே, பாத்திர அலமாரி எங்கே என்று கையை நீட்டினேன். இரண்டு பக்கமும் கல் இடித்தது. நான் வரைந்த சமையலறை இது இல்லையே என்று நினைத்தேன். டேப்பை எடுத்து அளந்தேன். வெளியே அளந்தால் சரியாக இருக்கிறது, உள்ளே அளந்தால் காணோம். எத்தனை தரம் அளந்தாலும் காணோம். யாரோ திருடிப் போன மாதிரி இருந்தது.

பிறகுதான் உறைத்தது. நான் கோலமாவில் போட்டது ஒற்றைக் கோடு. கல் சுவர் ஒன்றரை அடிப் பருமன். திருப்பூர் வாடகை வீட்டுச் செங்கல் சுவரை மனசில் வைத்துக்கொண்டு, சுவருக்கு இடமே விடாமல் வீடு வரைந்திருக்கிறேன். அறைகளைச் சுவரே தின்றுவிட்டது. அரை ஆயுசு அடுத்தவர் பிசகைப் பிடித்தவள் நான்.

மேஸ்திரியிடம் போய்க் கத்தினேன். “உங்களுக்குத் தெரியுமல்லங்க? அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்லியிருக்கோணுமுங்க” என்றார். “கோடு ரொம்ப ஆசையாப் போட்டிருந்தீங்க. அழிக்கச் சொல்ல வாய் வரலீங்க. என்ற தப்புதானுங்க.”

கல்வேலை செய்கிற ஆள் இப்படிப் பேசலாமா? டேப்பைச் சுருட்டிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

மே 28, செவ்வாய்

சமையலறையின் தெற்குச் சுவரை மேஸ்திரி பிரித்துவிட்டார். நான் கேட்கவில்லை. காலையில் போனபோது பாதிச் சுவர் தரையில் கிடந்தது. வெளியே தள்ளிக் கடைக்காலிலிருந்து திரும்பக் கட்டித் தருகிறாராம், கூலி வேண்டாமாம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “கட்டுன சொவத்தச் சும்மா பிரிச்சுக் கட்டற மேஸ்திரிய நான் பாத்ததே இல்ல” என்றார். பாராட்டுகிறாரா, சந்தேகப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். பாராட்டுகிற முகமாக இல்லை.

மதியம் மேஸ்திரிக்கென்று தனியாக ரசம் வைத்தேன். கத்தரிக்காய் சாப்பிட மாட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

மேஸ்திரி தன் மகளிடம் போனில் தெலுங்கில் பேசுவார். அவர்கள் வீட்டுப் பேச்சு அதுதான். எனக்கு ஒன்றும் புரியாது. இன்று பேச்சு நடுவே என் பெயர் வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது. பேசி முடித்ததும் கேட்டேவிட்டேன்.

“என்னையப் பத்தி என்ன சொன்னீங்க?”

“சொவத்தப் பத்திச் சொன்னனுங்க.”

“சொவத்துக்கு எம் பேரா வெச்சிருக்கீங்க?”

சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்த்தேன். மூன்று மணிக்கு வைக்க வேண்டிய டீயை இரண்டு மணிக்கே வைத்துவிட்டேன். கடிகாரம் சரியில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் வந்த காரணம் இன்று விளங்கியது. விளங்கிய பிறகு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

விக்னேஷுக்கு எத்தனையோ இடத்தில் பெண் கேட்டுவிட்டார்களாம். எல்லோரும் தனி வீடு இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். அண்ணன் வீடு பழைய ஓட்டு வீடு, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. “இப்ப ஒரு நல்ல எடம் அமைஞ்சிருக்குது. கல்லு ஊடு ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கறம்னு சொல்லி வெச்சிருக்கறேன்” என்றார். கட்டிக்கிட்டிருக்கறம். யார் யார்?

“உனக்கும் ஒரு தொணையாச்சு. நாளைக்குக் கையி காலு முடியாமப் போனா ஆரு பாப்பாங்க? அவுனும் வர்ற புள்ளயும் இங்கயே இருந்து உன்னையப் பாத்துக்குவாங்க. கல்லு நம்ம அப்பன் வெட்டுனது அம்முணி. உனக்கென்ன, எனக்கென்ன?”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. அம்மா அப்பா போன பிறகு என்னை அம்முணி என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருக்கிறார். அந்தக் குரலுக்காக எவ்வளவு காலம் ஏங்கியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு அறை இருக்கிறது, ஒன்றில் அவர்கள் இருந்தால் என்ன? கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் வீட்டில் நான் ஒரு ஓரத்துக்குப் போய்விட்ட மாதிரி. அது மட்டும்தானா?

ஜூலை 8, திங்கள்

ரேஷன் கடை வரிசையில் நான் போய் நின்றதும் பேச்சு நின்றது. நான் என்ன போலீஸா? காட்டுக்குப் போய்ச் சரசுவிடம் சொன்னேன்.

“ஏனுக்கா, உங்களுக்கு நெசமாலுமே ஒண்ணும் தெரியாதா, இல்லாட்டித் தெரியாத மாதர இருக்கீங்களா?”

“எதுடி?”

“ஒண்ணுமில்லக்கா. மண்ணு கொழைக்கோணும், தண்ணி ஊத்துங்க.”

ஊற்றினேன். அதிகம் ஊற்றிவிட்டேன் என்று அவளிடம் திட்டும் வாங்கினேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. வேலை இல்லை. எங்கள் பக்க வழக்கப்படி தேங்காய் சுட்டேன். ஒன்று அதிகமாக இருந்தது. லீவு நாளில் மேஸ்திரி எதற்கு வருவார் என்று நினைத்தேன். கலவை காய்ந்ததா என்று பார்க்க வந்தாராம்.

ஜூலை 28, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

சுவர் வேலை முடிகிற கட்டம். இனி ஓடு வேய வேண்டியதுதான். சரசு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மேஸ்திரி சுவர் இடுக்குகளில் சில்லுக் கல் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கலவைச் சட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

“ஊருக்குள்ள நம்மளப் பத்தி என்னமோ பேசிக்கறாங்களாமா. உங்களுக்குத் தெரியுங்களா?”

“தெரியுமுங்க.”

“என்ன பேசறாங்க?”

ஒரு சில்லை எடுத்தார், வைத்தார், தட்டினார்.

“நெசத்தத்தானுங்க பேசறாங்க.”

“எது நெசம்?”

“என்ற பக்கத்து நெசம் எனக்குத் தெரியுமுங்க. உங்க பக்கம் எனக்குத் தெரியாதுங்க.”

அவ்வளவுதான். கீழே இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். நான் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். கலவை இறுகிப்போய்ச் சட்டியோடு ஒட்டிவிட்டது.

என் பக்கம் என்ன இருக்கிறது? எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மாடி ஏறினால் முட்டி கரகரக்கிறது. பெண் பார்க்க வந்து போனவர்களையெல்லாம் எப்போதோ மறந்தாயிற்று. இந்த வயதில் இதற்கெல்லாம் என்ன பெயர்? பெயர் தெரியாத ஒன்றைப் பற்றி ஊர் மட்டும் எப்படிப் பேசுகிறது? குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்து, அதையும் சாப்பிட முடியாமல் கொட்டினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஓடு வேய ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி வரவில்லை. அவர் வேலை முடிந்துவிட்டதே, எதற்கு வருவார்?

ஆகஸ்ட் 7, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வந்தார். வாசல்படிக் கல் ஒன்று ஆடுகிறதாம். நான் ஏறி மிதித்துப் பார்த்தேன், ஆடவில்லை. இருந்தாலும் எடுத்து வைத்துத் தட்டினார். நாள் முழுக்க அந்த ஒரு கல்லோடு போராடினார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரை இப்படிப் போடுங்க, அப்படிப் போடுங்க என்று நச்சரித்தேன். சாயங்காலம் போகும்போது, “ஊட்டுக்குள்ள ஒண்ணுமே குறையில்லீங்களே?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று கோபம் வந்து, “இருந்தாச் சொல்லியனுப்பறேன்” என்றேன். ஏன் கோபம் வந்தது என்று யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புதுமனை புகுவிழாவுக்கு அண்ணனே நாள் குறித்துக்கொண்டு வந்தார். இந்த மாதம் முப்பதாம் தேதி, விடிகாலை முகூர்த்தம்.

“பொண்ணு ஊட்டுக்காரங்களும் வர்றாங்க. நானும் உங்க நங்கையாளும் பலகைல உக்காந்துக்கறோம். நெலவு வெச்சதும் நாங்கதான?”

சரி என்றேன்.

“அப்பறம் அந்த மேஸ்திரி. வேட்டி துண்டு வெச்சுக் குடுத்து மொத நாளே அனுப்பிச்சுரு. விசேசத்தன்னிக்கு இங்க வர வேண்டாம்.”

“ஊடு கட்டுனவருங்ணா.”

“அவங்க என்ன ஆளுக, நாம என்ன ஆளுக? ஊரே சிரிக்குது. நாங் காதுல உழுகாத மாதர இருக்கறேன்.” குரல் இறங்கிவிட்டது. “இத்தன வருசங்கழிச்சு இப்பத்தான் ஒட்டுக்கா ஆயிருக்கறோம். கெடுத்துராத அம்முணி.”

தலையை ஆட்டினேன். எனக்கு அண்ணன் வேண்டும். அதில் குழப்பம் இல்லை. மற்றதில் எல்லாம் குழப்பம்தான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வேட்டி துண்டு வாங்கிவிட்டேன். கடையில் கரை பச்சையா நீலமா என்று முடிவு செய்ய முடியாமல் வெகுநேரம் நின்றேன். கடைக்காரர், “வீட்டுக்காரருக்குங்களா?” என்று கேட்டார். பச்சையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியம் மேஸ்திரி சாமான்களை எடுக்க வந்தார். தூக்குக்குண்டு, சுத்தி, உளி எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டினார். இதுதான் கொடுத்து அனுப்ப வேண்டிய நேரம். துணிப்பை என் கையில்தான் இருந்தது. வாய் மட்டும் வேறு பேசியது.

“நாளைக்குக் காலைல வாங்க. விசேசத்துல வெச்சுத்தான் தருவேன்.”

“உங்கண்ணன் நேத்தே என்னையப் பாத்துச் சொல்லிட்டாருங்க, வர வேண்டாம்னு.”

“ஊடு ஆரு ஊடுங்க?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “அதத்தானுங்க நானும் கேக்கறேன்” என்றார்.

வருவாரா மாட்டாரா என்று தெரியவில்லை. வந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே ஐயர் வந்து ஓமம் வளர்த்தார். வீடு நிறைய ஆட்கள். பெண் வீட்டுக்காரர்கள் கார் வைத்து வந்திருந்தார்கள். விக்னேஷ் புதுச் சட்டையோடு வெட்கப்பட்டு நின்றான். அண்ணனும் நங்கையாளும் பட்டு உடுத்திப் பலகையில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் அது.

வெளுத்து வரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் அவர் நிற்பதைப் பார்த்தேன். வெளுத்த சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். உள்ளே வரவில்லை. வந்துவிட்டேன் என்று காட்டிவிட்டு நின்றார்.

ஐயர் கையில் பூவும் அரிசியும் எடுத்துக்கொண்டு, “கிருஹத்துக்கு உடையவா பேரு, நட்சத்திரம்?” என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து என் குரல் கேட்டது.

“வளர்மதி. கேட்டை.”

இந்தக் கேட்டையைச் சொல்லித்தான் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பிப் போனார்கள். கேட்டையில் பிறந்த பெண் புகுந்த வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். அதை மறைத்து மறைத்தே எங்கள் அம்மா செத்தாள். நான் எந்த இடத்திலும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று பெண் வீட்டுக்காரர்கள், ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். “கூட யார் பேரு சொல்லணும்?”

“எல்லப்பன்” என்றேன்.

ஐயருக்கு ஊர் விவகாரம் ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு, “நட்சத்திரம்?” என்றார்.

எனக்குத் தெரியாதே. அத்தனை பேர் தலைக்கு மேலாக வேப்பமரத்தைப் பார்த்துக் கத்தினேன். “ஏனுங்க, உங்க நட்சத்திரம் என்னங்க?”

எல்லோரும் திரும்பினார்கள். அவர் அரண்டு போய்விட்டார். ஓடிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே, “எங்கூட்டுல அதெல்லாம் எழுதி வெக்கலீங்க” என்றார்.

“அதனால என்ன, பேருக்கே சொல்லிடலாம்” என்றார் ஐயர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா? இத்தனை சுலபமாகச் செய்து விடலாமா? குடத்துத் தண்ணீர் தளும்பிப் புடவை நனையும்வரை சிரித்தேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கை ஓங்கவில்லை. “அப்பன் வெட்டுன கல்லு...” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல், தோளில் இருந்த துண்டை உதறிக்கொண்டு படியிறங்கிப் போனார். நங்கையா என்னைப் பார்த்து அழுதுகொண்டே பின்னால் போனார். பெண் வீட்டுக்காரர்களின் கார் கிளம்பிய சத்தம் கேட்டது. விக்னேஷ் கொஞ்சநேரம் நின்றான். “அத்தை” என்றான். பிறகு அவனும் போனான். அந்தப் பையனுக்கு நான் செய்தது பாவம்தான். அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

“நல்ல நேரம் போயிண்டிருக்கு” என்றார் ஐயர். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். சரசுதான் வேலிக்கு அந்தப் பக்கம் போய் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். செருப்பைக் கழற்றினார். தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். “போதும், வாங்க” என்றேன். வந்து உட்கார்ந்தார். அவர் கையிலிருந்து அரிசி சிந்தியது. என் கையிலிருந்தும்தான்.

பந்தியில் பாதிக்கு மேல் இலை காலி. வந்தவர்களிலும் சிலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். நாளைக்கு ஊர் என்ன செய்யும் என்று தெரியாது. அண்ணன் இனி இந்தப் பக்கம் திரும்புவாரா என்று தெரியாது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனது கண்ணை விட்டுப் போகவில்லை. இதெல்லாம் எனக்கு வேண்டியதுதானா என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

வேண்டியதுதான். எனக்கு இந்த மேஸ்திரி வேண்டும். இத்தனை மாதமாக இந்த டைரியில் கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரிய அண்டா நிறையச் சாம்பார் மிஞ்சிவிட்டது. அதை என்ன செய்யலாம் என்று அவர் உள்ளேயிருந்து கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. போய்ப் பார்க்க வேண்டும்.